துபாயில் பிடிபட்ட தம்பி: அவரைப் பிடித்து வைத்திருப்பது எந்தக் கட்டு?

கேள்வி சுருக்கமாக இது. மேலூர் பக்கம் ஒரு கிராமம். 27 வயதுத் தம்பி துபாயில் டெலிவரி பைக் ஓட்டுகிறார். மூன்று வாரமாக போன் இல்லை. அறையில் கூட இருப்பவர், "ஏதோ சண்டை, வீடியோ எடுத்தானாம், போலீஸ் கூட்டிப் போய்விட்டது" என்கிறார். பேங்கில் 60 ஆயிரம் திர்ஹாம் கடனும் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் கொடுத்தால் வெளியே எடுத்துவிடலாம் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். தூதரகம் எடுத்துத் தராதா? எத்தனை நாளாகும்? ஊரில் இருக்கும் வீட்டுக்கு ஆபத்து உண்டா?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: தூதரகம் எடுத்துத் தராது. அந்த அதிகாரம் அதற்கு இல்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும், போய்ப் பார்க்கும், என்ன குற்றச்சாட்டு என்று எழுதிக் கேட்கும், வக்கீல் பட்டியல் தரும், கையில் காசே இல்லாதவருக்குச் சில செலவுகளை ஏற்கும். நீதிமன்றத்தில் அவருக்காக நிற்காது, ஜாமீன் கட்டாது, தீர்ப்பை மாற்றச் சொல்லாது.

"எத்தனை நாள்" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எத்தனை கட்டு என்று. வளைகுடாவில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அவர் பெயரில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கேஸ் கட்டு இருக்கும். போலீஸ் வழக்கு ஒன்று. பேங்க் கடன் ஒன்று. வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி கொடுத்த புகார் ஒன்று. விசா காலாவதி ஒன்று. நாலும் நாலு அலுவலகம். ஒன்று முடிந்தது என்று வீட்டில் பொங்கல் வைப்பார்கள், அடுத்தது அவரைப் பிடித்து வைத்திருக்கும். குடும்பங்கள் வருடக் கணக்கில் அலைவது நீதிபதியின் தாமதத்தால் மட்டும் இல்லை. எந்தக் கட்டு பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் வேறொரு கட்டுக்குப் பணம் கொட்டுவதாலும்தான்.

ஆளைக் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குவோம். துபாய், ஷார்ஜா உள்ளிட்ட வடக்கு அமீரகங்கள் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் பொறுப்பு. அபுதாபி, அல் அய்ன் என்றால் அபுதாபியில் உள்ள தூதரகம். மாற்றி எழுதினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே ஒரு வாரம். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டுக்கொண்டால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். "கேட்டுக்கொண்டால்" என்பதில்தான் பலர் விழுகிறார்கள். ஊரில் தெரிந்தால் அவமானம் என்று சிலர் கேட்பதில்லை. கேட்கலாம் என்பதே சிலருக்குத் தெரியாது. ஆகவே குடும்பம் தன் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும்.

அதற்கு வெளியுறவுத் துறையின் மதத் (MADAD) இணையதளம் இருக்கிறது. 2015 முதல் நடக்கிறது. புகார் போட்டதும் ஒரு பதிவு எண் வரும். அதன்பின் எங்கே பேசினாலும் அந்த எண்தான் கைப்பிடி. தூதரகத்துக்கு மெயில் போட்டிருந்தாலும் மதத் தளத்திலும் போடுங்கள். மெயிலுக்குப் பதில் வராமல் போகலாம், மதத் தளத்தில் கிடக்கும் புகாரை டெல்லியிலிருந்தும் பார்ப்பார்கள்.

புகாரில் கதை வேண்டாம். பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துப்படி பெயர், பாஸ்போர்ட் எண், கம்பெனி பெயர், போன் எண், கடைசியாகப் பேசிய தேதி, எந்தப் பகுதியில் பிடித்தார்கள், புகார் கொடுப்பவர் என்ன உறவு. எல்லாவற்றையும்விட முக்கியம் எமிரேட்ஸ் அடையாள அட்டை எண். 784 என்று தொடங்கும் 15 இலக்கம். நம் ஊர்ப் பெயர் வைக்கும் முறைக்கும் அவர்கள் பதிவேட்டுக்கும் ஒத்துவராது. ஊரில் மு. கார்த்திக். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். அரபியில் எழுதும்போது அதுவே இரண்டு மூன்று விதமாக மாறும். பெயரை வைத்துத் தேடினால் "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வரும், வீட்டில் வேறு என்னென்னமோ நினைத்து அழுவார்கள். எண்ணை வைத்துத் தேடினால் ஆள் கிடைப்பார். அறை நண்பரிடம் அட்டையின் இரண்டு பக்கப் படத்தையும் விசாப் பக்கத்தையும் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். அவரும் பயந்து எண்ணை மாற்றிவிட்டால் பிறகு கஷ்டம்.

இனி உள்ளே நடப்பது. ஐக்கிய அமீரகத்தில் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் அரசு வழக்குத் துறையிடம் அனுப்ப வேண்டும். நம் ஆட்கள் நியாபா என்று சொல்வது அதைத்தான். நியாபா 7 நாள், பிறகு 14 நாள் காவலில் வைக்கலாம். அதற்கு மேல் நீதிபதியிடம் போய் 30 நாள் 30 நாளாக நீட்டிக்கொண்டே போகலாம். மூன்று வாரம் ஆகிவிட்டது என்றால் உங்கள் தம்பி இப்போது அந்த 14 நாள் காவலின் கடைசியிலோ முதல் 30 நாள் நீட்டிப்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கட்டத்தில் வக்கீல் செய்யக்கூடியது ஜாமீன் மனு போடுவதும், குற்றச்சாட்டின் பிரிவு என்ன என்று பார்த்துச் சொல்வதும்.

ஜாமீன் அங்கே நம் ஊர் மாதிரி இல்லை. பணத்தோடு, அல்லது பணத்துக்குப் பதில், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பார்கள். தன்னுடையது கம்பெனியிடம் இருந்தால் ஜாமீன் நிற்கும் நண்பருடைய பாஸ்போர்ட்டை வைப்பார்கள். வழக்கு முடியும்வரை அந்த நண்பர் ஊருக்கு வர முடியாது. அவர் அம்மா இறந்தால்கூட மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். உங்களுக்காகக் கையெழுத்துப் போடச் சம்மதிக்கும் பையனிடம் இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

போலீஸில் எழுதும் வாக்குமூலம் அரபியில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் வருவார், பெரும்பாலும் இந்தியோ ஆங்கிலமோ பேசுவார். மேலூர்ப் பையனுக்கு இரண்டும் அரைகுறை. கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் விடுவார்கள் என்று பக்கத்தில் இருக்கும் கைதி சொல்வார், இவரும் போட்டுவிடுவார். பின்னால் நீதிமன்றத்தில் "எனக்குப் புரியாமல் போட்டேன்" என்பது எடுபடுவது கடினம். சிறையிலிருந்து சில நிமிடம் போன் பேச விடுவார்கள். அந்தச் சில நிமிடத்தில் அழுது தீர்க்காமல் நாலு விஷயம் கேளுங்கள்: வழக்கு எண், எந்த ஸ்டேஷன், ஏதாவது கையெழுத்துப் போட்டாயா, அடுத்த வாய்தா எப்போது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நியாபாவில் கேட்கச் சொல்லுங்கள்.

வீடியோ எடுத்தது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் அமீரக இணையக் குற்றச் சட்டத்தில், ஒருவர் அனுமதி இல்லாமல் அவரைப் படம் எடுத்துப் பரப்பினால் 6 மாதத்துக்குக் குறையாத சிறை, 1.5 லட்சம் முதல் 5 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. வாட்ஸ்அப்பில் கெட்ட வார்த்தை அனுப்பினாலும் அபராதம் 2.5 லட்சத்தில் தொடங்குகிறது. நம் ஊரில் டீக்கடைச் சண்டையை நாலு பேர் படம் எடுத்து குரூப்பில் போடுவது அன்றாடம். அங்கே அடித்தவனுக்கு ஒரு வழக்கு, படம் எடுத்தவனுக்கு அதைவிடப் பெரிய வழக்கு. இதே வகையில் இன்னொன்று: இறந்துபோன ஊர்க்காரர் குடும்பத்துக்காக வாட்ஸ்அப் குரூப்பில் பணம் திரட்டுவது. அனுமதி பெற்ற அமைப்பு மூலம் இல்லாமல் நன்கொடை கேட்பதே அங்கே குற்றம். தம்பியை வெளியே எடுக்க அவர் நண்பர்கள் குரூப் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

சண்டையும் படமும் மட்டும்தான் என்றால், புகார் கொடுத்தவர் விட்டுக்கொடுப்பதுதான் சீக்கிரமான வழி. வாயால் "மன்னித்துவிட்டேன்" என்றால் போதாது. தனாசுல் என்னும் விட்டுக்கொடுக்கும் கடிதத்தை அவரே போலீஸிலோ நியாபாவிலோ நேரில் போய்ப் பதிய வேண்டும். அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் இதை முடிக்க வேண்டும். புகார்தாரர் விமானம் ஏறிவிட்டால் வழக்கு மாதக் கணக்கில் நிற்கும். சமாதானம் பேசக் கம்பெனி ஆளோ இருவருக்கும் தெரிந்த ஒருவரோ போகட்டும். தம்பியின் நண்பர்கள் கூட்டமாகப் போனால் மிரட்டல் என்று இன்னொரு கட்டு திறக்கும்.

அந்த 4 லட்சத்துக்கு வருவோம். அமீரக நீதிமன்றங்களில் வாதாட அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞருக்கு மட்டும்தான் அனுமதி. "லீகல் கன்சல்டன்ட்" என்று போர்டு வைத்திருப்பவர் ஆலோசனை சொல்லலாம், பேப்பர் தயாரிக்கலாம், கோர்ட்டில் நிற்க முடியாது. ஊரில் பணம் கேட்பவர் பெரும்பாலும் அந்தக் கன்சல்டன்டுக்கும் ஆள் பிடித்துத் தரும் இடைத்தரகர். பணம் கொடுக்கும் முன் வழக்கறிஞர் பெயர், உரிமம், எந்தக் கட்டம் வரை எவ்வளவு என்று எழுதிய ஒப்பந்தம் கேளுங்கள். "முதல் கோர்ட்டுக்கு மட்டும்" என்றால் அப்பீலுக்கு மறுபடி அதே தொகை. தம்பி சிறையிலிருந்தே அந்த வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் கோர்ட்டில் அவர் யாரும் இல்லை. பணத்தை பேங்க் வழியாக அனுப்புங்கள். உண்டியலில் (ஹவாலா) அனுப்பினால் கமிஷன் மிச்சம், ஆனால் நாளைக்கு "வாங்கவே இல்லை" என்றால் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. அதற்கும் முன்னால் துணைத் தூதரகம் ஏற்பாடு செய்யும் இலவச சட்ட ஆலோசனையைக் கேட்டுவிடுங்கள். 4 லட்சம் தேவையா, 40 ஆயிரம் போதுமா என்பது அங்கேயே தெளிந்துவிடும்.

ஒரு கணக்கை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். அமீரகத்தில் தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 15 நாள், அதற்கு மேல் உச்ச முறையீட்டுக்கு 30 நாள். சவூதியில் 30 நாள். சிங்கப்பூரில் 14 நாள். ஊரில் நகையை அடகு வைத்து, மொய் பாக்கியை வசூலித்து, வக்கீலைப் பிடிப்பதற்குள் இந்த நாள்கள் போய்விடும். நியாயம் தாமதமாகிறது என்று குமுறும் குடும்பங்களில் பல, கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள். கோர்ட் மெதுவாக நகரும், நமக்குக் கொடுக்கும் கெடு மட்டும் மின்னலாகப் போகும்.

தாமதத்துக்கு உண்மையான காரணங்களும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் நீதிபதிகள் விடுமுறை. ரமலானில் அலுவலக நேரம் குறைவு. ஆய்வக அறிக்கை வர வேண்டிய வழக்குகள் அதற்காகக் காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், வளைகுடாவில், அதிலும் சவூதியில், ஒரே வழக்கில் இரண்டு உரிமை இருக்கிறது: பாதிக்கப்பட்டவரின் தனி உரிமை, அரசின் பொது உரிமை. கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒரு வீட்டு ஓட்டுநரின் வழக்கு எல்லோருக்கும் தெரிந்தது. 2006-லிருந்து ரியாத் சிறை. மரண தண்டனையிலிருந்து மீட்க 2024 ஏப்ரலில் கேரளம் முழுவதும் சேர்ந்து 34 கோடி ரூபாய் திரட்டியது, ஒன்றரைக் கோடி ரியால். அந்த ஜூலையில் மரண தண்டனை ரத்தானது. எல்லோரும் அடுத்த விமானம் என்று நினைத்தார்கள். தனி உரிமை தீர்ந்தது, பொது உரிமை தீரவில்லை. வாய்தா மேல் வாய்தா போய், 2025 மே மாதத்தில்தான் 20 வருடம் என்று தண்டனை வந்தது, உள்ளே இருந்த காலத்தையும் சேர்த்து. குருதிப் பணம், அதாவது இறந்தவர் குடும்பத்துக்குத் தரும் நஷ்டஈடு, கொடுத்தால் கதவு திறந்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் ஒரு கட்டைத்தான் மூடும்.

இதையெல்லாம் அரபு நாட்டுக் குறை என்று மட்டும் ஒதுக்க முடியாது. திருச்சி மத்திய சிறை வளாகத்தில் வெளிநாட்டவருக்கான சிறப்பு முகாம் இருக்கிறது. நம் கோர்ட் ஜாமீன் கொடுத்த வெளிநாட்டவரைக்கூட வழக்கு முடியும்வரை அங்கே வைத்திருக்கிறார்கள். அந்நியனுக்கு எந்த நாட்டிலும் சட்டம் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கும்.

தண்டனை முடிந்த பிறகு ஏன் விடுவதில்லை என்பது அடுத்தது. நாடு கடத்தும் உத்தரவு இருந்தால் தடுப்பு மையத்துக்கு மாற்றுவார்கள். அங்கே பாஸ்போர்ட் வேண்டும், டிக்கெட் வேண்டும், வேறு எந்த வழக்கிலும் பயணத் தடை இருக்கக் கூடாது. விசா முடிந்து தங்கிய நாளுக்கு 50 திர்ஹாம் வீதம் அபராதம் ஏறியிருக்கும். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தால், தருகிறார்களா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். அதைப் பிடித்து வைப்பது சட்டவிரோதம். தரவில்லை என்றால் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுக்கும், அவுட் பாஸ் என்கிறார்களே அது. பழைய பாஸ்போர்ட் நகல் வீட்டில் இருந்தால் அடையாளம் உறுதி செய்வது சுலபம். இல்லையென்றால் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம், உள்ளூர் போலீஸ் என்று சரிபார்ப்பு சுற்றி வர வேண்டும். டிக்கெட்டுக்கும் சிறிய அபராதங்களுக்கும் தூதரகங்களில் இந்திய சமுதாய நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. வசதி இல்லை என்று எழுதிக் கேட்க வேண்டும், தானாக வராது. ஈத், டிசம்பர் 2 தேசிய நாள் நேரத்தில் பொது மன்னிப்பு வரும். ஆனால் தனி ஒருவருக்குப் பணம் தர வேண்டிய வழக்கு தீராமல் இருந்தால் அதில் விடுதலை கிடைப்பது அரிது.

கடன் இங்கேதான் குறுக்கே வரும். அமீரகத்தில் 10 ஆயிரம் திர்ஹாமுக்குக் குறையாத கடனுக்குப் பயணத் தடை கேட்க முடியும். 60 ஆயிரம் என்றால் நிச்சயம் அந்த வரம்புக்குள். பேங்க் வழக்கு போட்டிருக்கிறதா என்று துபாய் போலீஸ் செயலியில் நிதி வழக்கு நிலையைப் பார்க்கும் வசதி இருக்கிறது, எமிரேட்ஸ் எண் வேண்டும். கடன் வாங்கும்போது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருப்பார். 2022 ஜனவரிக்குப் பிறகு கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்புவது பொதுவாகக் குற்ற வழக்கு இல்லை. ஆனால் அந்தக் காசோலையை வைத்து பேங்க் நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம், தனியாக வழக்கு நடத்தி ஜெயிக்க வேண்டியதில்லை. வேண்டுமென்றே கணக்கை மூடியிருந்தால் இன்றும் குற்றம்தான். தவணை நின்றதும் பேங்குக்கு "கைதாகி இருக்கிறார்" என்று குடும்பமே எழுதித் தவணையை மாற்றிக் கேட்பது நல்லது. காசு கட்டாமல் ஊருக்கு ஓடிவந்தவர் பட்டியலில் அவர் பெயர் ஏறாமல் இருக்கும்.

மேலூர் வீட்டுக்கு ஆபத்து உண்டா? உண்டு, ஆனால் நாளைக்கே இல்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்கீழ் 2020 ஜனவரி 17 அறிவிக்கை மூலம் ஐக்கிய அமீரகம் பரஸ்பர நாடாக அறிவிக்கப்பட்டது. அதாவது துபாய் கோர்ட் கொடுத்த பணத் தீர்ப்பை பேங்க் நேராக மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்று மனுவாகப் போட்டு ஜப்தி கேட்கலாம். சிங்கப்பூர், மலேசியத் தீர்ப்புகளுக்கும் இது பொருந்தும். சவூதி, குவைத், கத்தார் இந்தப் பட்டியலில் இல்லை, அங்கிருந்து வந்தால் இங்கே புது வழக்கு போட வேண்டும். ஜப்தி தம்பியின் சொத்துக்குத்தான், அப்பா பெயரில் உள்ள வீட்டுக்கு இல்லை. பிரிக்காத பூர்வீகச் சொத்தில் தம்பிக்கு உள்ள பங்கு மாட்டும். விவசாயியின் சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு 60-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. தம்பிக்குச் சம்மன் போகாமல், வழக்கின் தகுதியைப் பார்க்காமல் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதரப்பாக, கொடுத்த தீர்ப்பு என்றால் 13-வது பிரிவில் ஆட்சேபிக்கலாம். 12 வருடம் போனால் தானாக அழிந்துவிடும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. காலக்கெடுவைத் தீர்ப்பு வந்த நாட்டுச் சட்டப்படி பார்க்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது அவசர அவசரமாகத் தம்பி பங்கை அண்ணன் பெயருக்கு எழுதுவதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. கடன்காரரை ஏமாற்ற எழுதிய பத்திரம் என்று அதையே ரத்து செய்யலாம். போனில் "இன்டர்போல்" என்று மிரட்டும் வசூல் ஏஜென்ட் போலீஸ் இல்லை. நோட்டீஸை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், நேரில் வந்து மிரட்டினால் மேலூர் ஸ்டேஷனில் புகார் கொடுங்கள்.

மதுரையிலிருந்து செய்யக்கூடிய மற்றவை. திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அது சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் ஆணையரகத்துக்குப் போகும், அங்கிருந்து தூதரகத்துக்கு எழுதுவார்கள். ரசீது எண் வாங்காமல் வெளியே வர வேண்டாம். நாலைந்து வாரம் ஒன்றும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. அதற்கு முன் வெளியுறவுத் துறைக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்திருக்க வேண்டும். "மனுவே கொடுக்காமல் ஏன் வந்தீர்கள்" என்றுதான் முதல் கேள்வி வரும். நீதிமன்றம் துபாய் நீதிபதிக்கு உத்தரவு போட முடியாது. "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலியுங்கள்" என்று டெல்லிக்குச் சொல்லும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் தூதரகத்திலிருந்து முதல்முறையாக எழுத்தில் நிலை அறிக்கை வரும். பல குடும்பங்களுக்கு வழக்கு எண்ணே அப்போதுதான் தெரிகிறது. வக்கீல் செலவுக்கு வழி இல்லையென்றால் மதுரைக் கிளையிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். மனுவை அம்மா பெயரில் போட்டால் அந்தக் கதவு திறக்கிறது.

தம்பி பெயரில் ஊரில் கையெழுத்துப் போட வேண்டிய வேலை இருந்தால், சிறைக்கு வரும் தூதரக அதிகாரி முன்னிலையில் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கலாம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிச் செல்லுபடியாக்க வேண்டும். இந்தத் தேதியைத் தவற விட்டு மறுபடி சிறைக்கு அனுப்பியவர்கள் நிறைய.

தண்டனையே வந்துவிட்டால் மிச்சத்தை இந்தியச் சிறையில் கழிக்கலாம். 2003-ஆம் ஆண்டு சட்டமும், அமீரகத்தோடு 2011-ல் கையெழுத்தான ஒப்பந்தமும் இருக்கின்றன. தீர்ப்பு இறுதியாக வேண்டும், அப்பீல் நிலுவையில் இருக்கக் கூடாது, பொதுவாக 6 மாதமாவது தண்டனை மிச்சம் இருக்க வேண்டும், அதே செயல் இந்தியாவிலும் குற்றமாக இருக்க வேண்டும், கைதியும் இரண்டு அரசுகளும் சம்மதிக்க வேண்டும். இத்தனை கையெழுத்து சேர்வதற்குள் குறுகிய தண்டனைகள் தானாக முடிந்துவிடும். நீண்ட தண்டனைக்குத்தான் இது பயன்.

வேறு நாட்டில் ஆள் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. சவூதியில் பெரிய கண்ணி ஹுரூப். சம்பளம் கேட்டவுடன் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) "ஓடிப்போய்விட்டான்" என்று பதிந்துவிடுவார், இக்காமா என்னும் தங்கும் அனுமதி செத்துவிடும். அப்ஷர் என்னும் சவூதி அரசுச் செயலியில் நிலையை அடிக்கடி பார்க்க வேண்டும், ஹுரூப் விழுவதற்கு முன்பே தொழிலாளர் புகார் பதிவாகி இருந்தால் வாதம் பலம். ஓட்டுநராகப் போகிறவர் வண்டியின் காப்பீடு எப்போது முடிகிறது என்று சாவியை வாங்கும்போதே பார்க்க வேண்டும். விபத்தில் ஒருவர் இறந்தால் போக்குவரத்துத் துறை தவறை 25, 50, 75, 100 சதவீதம் என்று பிரிக்கும். காப்பீடு இல்லையென்றால் அந்த விகிதக் குருதிப் பணம் ஓட்டியவர் தலையில். முதலாளி வண்டி, முதலாளி அலட்சியம், உள்ளே இருப்பது ராமநாதபுரத்துக்காரர். சிங்கப்பூரில் வழக்கு வேகம், தண்டனை கடுமை. விசா முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கினால் 50 வயதுக்குட்பட்ட ஆணுக்குக் குறைந்தது 3 பிரம்படி. சம்பளப் புகாரை வேலையை விட்ட 6 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மலேசியாவில் அனுமதி இல்லாமல் நுழைந்தவருக்கு 5 வருடம் வரை சிறையும் 6 பிரம்படி வரையும் சட்டத்தில் இருக்கிறது.

அடுத்து கிளம்புகிறவர் வீட்டில் இருந்தால், பெட்டியைக் கட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். கறிக்குழம்புக்கென்று அம்மா அரைத்த மசாலாவில் கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். அமீரகத்திலும் சவூதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். வெற்றிலையும் அமீரகத்தில் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்து, ட்ராமடால், ப்ரீகாபலின், தூக்க மாத்திரை எதுவும் டாக்டர் சீட்டு இருந்தால்கூட முன்கூட்டி அந்த நாட்டு சுகாதாரத் துறையின் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். குருவியாக, அதாவது கூலிக்குச் சரக்குக் கொண்டு, போய் வருபவர் கொடுக்கும் ஊறுகாய் டப்பாவை வாங்கவே கூடாது. பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் குற்றவாளி.

பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை இருக்கும். வளைகுடா, மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்கு அனுமதி தேவை. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்வது இந்தச் சோதனையைத் தாண்டும் குறுக்கு வழி, மாட்டினால் ஒப்பந்தமும் இருக்காது, காப்பீடும் இருக்காது. முறையாகப் போனால் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், பிரவாசி பாரதிய பீமா காப்பீடு. விபத்து மரணத்துக்கு 10 லட்சம். வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கும் 45 ஆயிரம் வரை அதில் உண்டு. இதைக் கேட்டு வாங்குகிறவர் மிகக் குறைவு. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30 ஆயிரமும் ஜிஎஸ்டியும் மட்டுமே.

உங்கள் தம்பியை அனுப்பியவர் பதிவு இல்லாத ஏஜென்ட் என்றால் அவர்மீது இங்கேயே வழக்கு போடலாம். 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தில் தண்டனை 2 வருடம் வரை, அதோடு ஏமாற்றுப் பிரிவும் சேரும். "டெல்லி அனுமதி வேண்டும்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவார்கள். பாதிக்கப்பட்ட பயணி தானே கொடுக்கும் புகாருக்கு அந்த முன் அனுமதி தேவையில்லை என்று 27-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கையில் கொண்டு போங்கள்.